ஸ்காட்ச்ல சோடா ஊத்தினா சாமி கண்ணைக் குத்துமா?

போன மாசம் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி. செம புழுக்கம். நான் பாட்டுக்கு க்ளாஸ்ல ஐஸைப் போட்டு, ஒரு பங்கு சிங்கிள் மால்ட்டுக்கு மூணு பங்கு சோடா ஊத்தினேன். எதிர்ல உக்காந்திருந்தவர், நான் ஏதோ கோயில் குளத்துல சோப்பு போட்டுக் குளிச்ச மாதிரி பதறிட்டார். "என்ன சார் பண்றீங்க? இதையெல்லாம் நீட்டாத்தான் குடிக்கணும். ஸ்காட்லாந்துல போய் இப்படிப் பண்ணிப் பாருங்க, வெளியே தள்ளிடுவான்!"

சார், நான் ஸ்காட்லாந்து போயிருக்கேன். எவனும் தள்ளலை. அன்னிக்கு மரியாதைக்குச் சிரிச்சு வச்சேன். தூக்கம் வரலை. அதான் இந்தப் பதிவு.

ஸ்பேசைடு பக்கம் நாலு நாள் டிஸ்டிலரி டிஸ்டிலரியா சுத்தினேன். டஃப்டவுன்னு ஒரு ஊர். கிளென்ஃபிடிக், பால்வெனி, மார்ட்லாக் எல்லாம் அந்த ஒரே ஊர்லதான். நம்மூர்ல பக்கத்து பக்கத்துல அரிசி மில் இருக்கிற மாதிரி. உள்ளே போனா நடக்கிறது இதுதான்: முளைகட்டின பார்லியை அரைச்சு, வெந்நீர்ல ஊறவச்சு, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கிறாங்க. கிட்டத்தட்ட 8 சதவீத ஆல்கஹாலோட பீர் மாதிரி ஒண்ணு வருது. அதைச் செப்புப் பானைல ரெண்டு தரம் வடிச்சா ஏறக்குறைய 70 சதவீதம். அடுத்து என்ன பண்றாங்க தெரியுமா? தண்ணி ஊத்தறாங்க! 63.5 சதவீதத்துக்கு இறக்கித்தான் பெரும்பாலும் ஓக் பீப்பாய்ல அடைக்கிறது வழக்கம். சட்டப்படி குறைஞ்சது 3 வருஷம் உள்ளே கிடக்கணும். வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாப் போயிடும். தேவதைகள் பங்குன்னு அழகாப் பேரு வச்சிருக்காங்க. கடைசியா பாட்டில்ல அடைக்கும்போது, 40, 43ன்னு கொண்டுவர மறுபடியும் தண்ணி. லிட்டருக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர்!

ஆக, 40 சதவீத பாட்டிலை வாங்கி "நான் எதுவும் கலக்க மாட்டேன்"னு சொல்றவரே, உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் கலந்து கொடுத்துட்டார். நீங்க குடிக்கிறதே தண்ணி கலந்த சரக்குதான்.

டேஸ்டிங் மேஜையில நாலு க்ளாஸ், நடுவுல ஒரு தண்ணி ஜக்கு. வழிகாட்டின அம்மா, "முதல்ல சும்மா ஒரு வாய், அப்புறம் ரெண்டு சொட்டு தண்ணி விட்டு ஒரு வாய்"னாங்க. வாசனை பார்த்தே பிழைக்கிற பிளெண்டர்கள் பலரும் 20 சதவீதத்துக்கு இறக்கித்தான் மோந்து பார்ப்பாங்களாம். 2017ல ஸ்வீடன் லின்னேயஸ் பல்கலைக்கழகத்து ஆளுங்க ரெண்டு பேர் கம்ப்யூட்டர் சிமுலேஷன் பண்ணினாங்க. புகைவாசனை தர்ற குவையகால்ங்கிற பொருள், ஆல்கஹால் ரொம்ப அதிகமா இருந்தா உள்ளேயே அமுங்கிக் கிடக்கு, தண்ணி சேர்ந்தா மேற்பரப்புக்கு வருதுன்னு காட்டினாங்க. மூக்குக்கு அப்பத்தானே எட்டும்?

இந்த "நீட்" ஆச்சாரம் ஏதோ ஆதிகாலத்து மரபுன்னு நினைக்காதீங்க. 19ஆம் நூற்றாண்டுல ஃபிலாக்ஸெரா பூச்சி பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களை அழிச்சப்ப, பிராந்தி-சோடா குடிச்சிட்டிருந்த லண்டன் துரைமார் ஸ்காட்ச்-சோடாவுக்கு மாறினாங்க. ஸ்காட்ச் உலகம் பூரா பரவினதே பிளெண்டடாவும் சோடாவோடவும்தான். கிளென்ஃபிடிக் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கு வெளியே விளம்பரம் பண்ணி விக்க ஆரம்பிச்சதே 1963லதான்.

ஜப்பான் கதை இன்னும் ஜோர். 1983ல உச்சத்துல இருந்த அவங்க விஸ்கி விற்பனை அப்புறம் 25 வருஷம் சரிஞ்சுகிட்டே போச்சு. 2008 வாக்குல சன்டோரி கம்பெனி ஹைபால், அதாவது விஸ்கி-சோடாவை, மறுபடி தூக்கிப் பிடிச்சுது. பிச்சுகிட்டுப் போச்சு. அப்புறம் உலகமே ஜப்பான் விஸ்கிக்கு அலைய, பழைய ஸ்டாக் பத்தாம 2018ல ஹகுஷு 12, ஹிபிக்கி 17 விற்பனையையே நிறுத்தவேண்டி வந்துச்சு. நீங்க அவமானமா நினைக்கிற சோடாதான் ஒரு நாட்டு விஸ்கியைக் காப்பாத்தியிருக்கு.

சரி, எவனோ எப்படியோ குடிச்சுட்டுப் போறான், உனக்கென்ன கோவம்னு கேப்பீங்க. சொல்றேன். என் சொந்தக்காரப் பையன் ஒருத்தன், 22 வயசு. ஒரு கல்யாண வீட்டு ராத்திரியில "தண்ணி கலக்கறவன் பொம்பளைடா"ன்னு நாலு பேர் உசுப்பேத்த, ராவா அடிச்சுக் காட்டினான். விடியக்காலை டிரிப்ஸ் ஏத்தறப்ப பக்கத்துல உக்காந்திருந்தது நான்தான். அவங்கம்மா முகத்தை இன்னும் மறக்க முடியலை. டாஸ்மாக் "ராவா அடி"யும், மொட்டை மாடி "நீட்டாத்தான் குடிக்கணும்"மும் ஒரே வியாதிதான். ஒண்ணு லுங்கியில வருது, இன்னொண்ணு ப்ளேசர்ல வருது. குடிக்கிறதை வீரமாவும் அந்தஸ்தாவும் ஆக்கறதுதான் ரெண்டோட வேலையும்.

இப்ப வீட்டுல பண்ற முறை. உயரமான க்ளாஸை முன்னாடியே ஃப்ரீசர்ல வைங்க. விளிம்பு வரைக்கும் ஐஸ், பெரிய கட்டியா இருந்தா நல்லது. 50 மி.லி. விஸ்கி ஊத்தி நல்லாக் கலக்குங்க. அப்புறம் நல்ல ஜில்லுனு இருக்கிற சோடா 150 மி.லி., ஐஸ் மேல படாம ஓரமா. அடியிலேர்ந்து ஒரே ஒரு தரம் ஸ்பூனால தூக்கி விடுங்க. அதுக்கு மேல கலக்கினா கேஸ் போயிடும். எலுமிச்சைத் தோலை மேலே பிழிஞ்சு போடுங்க. புழுக்கத்துக்கு இஞ்சித் துண்டு ரெண்டு நசுக்கிப் போட்டா பிரமாதம்.

ஒண்ணு ஒத்துக்கறேன். 25 வருஷ மால்ட் யாராவது கொடுத்தா நானும் முதல்ல சும்மாதான் ருசி பார்ப்பேன். ஆனா அது என் இஷ்டம், சட்டம் இல்லை. அதே மாதிரி, சோடா ஊத்தினா ஆல்கஹால் குறைஞ்சிடும்னும் ஏமாத்த மாட்டேன். 50 மி.லி.யில இருக்கிற 20 மி.லி. அப்படியேதான் உள்ளே போகுது. கொஞ்சம் மெதுவாப் போகும், அவ்வளவுதான். ரெண்டோட எந்திரிச்சிடுங்க.

டிஸ்கி: ஸ்காட்லாந்து டிஸ்டிலரிகள் பலதுல, வண்டி ஓட்டறவங்க பங்கைச் சின்ன பாட்டில்ல ஊத்திக் கையில கொடுத்து அனுப்பறாங்க, ரூமுக்குப் போய்க் குடின்னு. அங்கேர்ந்து எதையாவது காப்பியடிச்சே தீரணும்னா, அதை அடிங்க சார்.