அப்பா லேட்டா?

இங்கிலீஷில் எனக்கு ரொம்ப வேண்டப்பட்ட வார்த்தை 'லேட்'. ஆபீஸ் ரிஜிஸ்தரில் என் பெயருக்குப் பக்கத்தில் அதிகம் எழுதப்பட்ட வார்த்தையும் அதுதான்... சிவப்பு மையில்!

சங்கரன்கோவிலில் இந்த வார்த்தை தெரியாத ஆளே கிடையாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத எங்கள் தெருப் பாட்டிகூட 'பஸ்ஸு லேட்டு, பால்காரன் லேட்டு, மழை லேட்டு' என்று இங்கிலீஷ் பொளந்து கட்டுவாள். சிக்கல் என்னவென்றால், நமக்குத் தெரிந்தது பாதி லேட்தான். மீதிப் பாதி சமயம் பார்த்துக் காலை வாரும்.

என் காலை அது வாரியது மூன்று வருஷத்துக்கு முன்னால். அப்பா போன அன்றைக்கு, அழுத கண்ணோடு சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு லீவு கேட்டு எழுதினேன்: 'மை ஃபாதர் ஈஸ் லேட். கைண்ட்லி கிராண்ட் த்ரீ டேஸ் லீவ்.'

பத்தே நிமிஷத்தில் பதில்: 'ஹௌ லேட்? வென் வில் ஹி கம்?'

அவர்கள் மேல் தப்பே இல்லை சார். நான் எழுதியதற்கு அர்த்தம், 'எங்கப்பா வர நேரமாகும்' என்பதுதான்! ஆளைப் பற்றிச் சொல்லும்போது 'ஈஸ்'ஸுக்குப் பின்னால் லேட் வந்தால், மனுஷர் இன்னும் வந்து சேரவில்லை. 'மை லேட் ஃபாதர்', 'த லேட் மிஸ்டர் இன்னார்' என்று ஆளுக்கு முன்னால் வந்தால்தான், அவர் இனி வரமாட்டார். செய்தியைச் சொல்வதற்கு 'மை ஃபாதர் பாஸ்டு அவே' போதும். ரயிலுக்கு முன்னால் போட்டால் மட்டும் பயப்பட வேண்டாம்; 'எ லேட் டிரெயின்' எப்படியும் ஒருநாள் வந்துவிடும்!

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ரிட்டயரான ஒருத்தரை 'அவர் லேட் ஹெட்கிளார்க்' என்று மைக்கில் அறிமுகம் செய்ததை நான் என் காதாலேயே கேட்டேன். மாலையோடு உட்கார்ந்திருந்த மனுஷர் ஒரு தரம் தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டார். ரிட்டயர் ஆனவருக்கு 'ஃபார்மர்' போடுங்கள், புண்ணியமாய்ப் போகும்.

ஆதியில் பழைய இங்கிலீஷில் இந்த வார்த்தைக்கு 'மெதுவான' என்றுதான் அர்த்தம். பிறகு 'தாமதமான' ஆச்சு, 'சமீபத்திய' ஆச்சு. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில், 'சமீபம் வரைக்கும் நம்மோடு இருந்த' என்ற அர்த்தத்தில் இறந்தவர்கள் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. அதனால்தான் 'லேட்' என்றால் காலமானவர், 'லேட்டஸ்ட்' என்றால் புத்தம் புதுசு! 'லாஸ்ட்' என்பதும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

இந்த 'சமீபம்' ரொம்ப முக்கியம். 1975-இல் மறைந்த காமராஜரை 'லேட் காமராஜர்' என்று சொல்ல வேண்டியதில்லை. 'லேட் ராஜராஜ சோழன்' என்றால் சிரிப்பார்கள். பக்கத்து நெற்கட்டும்செவல் பூலித்தேவனுக்கு லேட் போடவே முடியாது. வெள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போகும்போது, 'சாமி கும்பிட்டு வர்றேன்' என்று எங்கள் சங்கரநாராயணர் கோயிலுக்குள் போனவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பது ஊர் நம்பிக்கை. உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்!

இத்தனை இலக்கணமும் தலையில் ஏறிய பிறகுதான் தங்கச்சி கல்யாணம் வந்தது. ஆடித்தபசு முடிந்து ஆவணியில் முகூர்த்தம். அச்சாபீஸ் அண்ணாச்சி கொடுத்த புரூஃபை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா பெயருக்கு முன்னால் வழக்கம்போல 'லேட்'.

அம்மா நிறுத்தினாள். "ஏல, எதுக்கு லேட்டு?"

விளக்கினேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். முப்பது வருசம் தறிக்குப் போனாவளே, காலை ஷிப்டுக்கு ஒருநா லேட்டாப் போயிருப்பாவளா? மழையில சைக்கிளைத் தலையில தூக்காத குறையா போவாவ. அவிய பேருக்கு முன்னால அந்த வார்த்தை வேண்டாம்."

"அமரர்னு போட்டுடலாமாம்மா?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுமே வேண்டாம் தம்பி. பேரை மட்டும் போடுங்க."

போட்டோம். அப்பாவின் பழைய நோட்டில் இருந்த விலாசங்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பினோம். 'இதிலென்ன இருக்கு, ஒரு வார்த்தைதானே' என்று நானும் விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்தது. திருப்பூரிலிருந்து ஒரு பெரியவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். ஒரு காலத்தில் அப்பாவோடு ஒன்றாகத் தறி ஓட்டியவர். கையில் மஞ்சப்பை, அதற்குள் சரிகை வேஷ்டி, துண்டு. "பஸ்ஸு மக்கர் பண்ணிட்டுது... உங்கப்பன் எங்கடே? ஏன் லேட்டுன்னு கேட்டு என்னை மானத்தை வாங்குவானே! வேட்டி அவனுக்குத்தான்" என்று மண்டபம் முழுக்கத் தேடினார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இலக்கணம் எல்லாம் சரியாகத்தான் ஞாபகம் இருந்தது, வாய்தான் திறக்கவில்லை. அந்த இரண்டெழுத்து என்ன வேலை செய்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அது செத்தவருக்குக் கொடுக்கிற பட்டம் இல்லை. தூரத்தில் இருக்கிறவன் வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொண்டு, தனியாக அழுதுவிட்டு வரட்டும் என்பதற்கான தகவல். அதை எடுத்துவிட்டு, ஒரு மனுஷனைப் பந்தி நடுவே நிற்க வைத்துவிட்டேன்.

அம்மாதான் வந்தாள். அந்தப் பையைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"நீங்கதாம்ணே லேட்டு" என்றாள். "அவிய முன்னாலயே போயிட்டாவ."

பெரியவர் அம்மா முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது சார். ஆனால் அந்த வார்த்தையை அவ்வளவு சரியாக வாக்கியத்தில் வைத்தவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை.