பீரியட்ஸ் வலிக்கு காலில் அழுத்தினால் போதுமா? ஹாஸ்டல் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பொதுத்தேர்வு மார்க்குக்காகவே வெளி மாவட்டங்களில் இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கும் ஊர்கள் ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல். 'பிராய்லர் ஸ்கூல்' என்று கிண்டல் செய்தாலும் பெற்றோர் தேடி வருவது நிற்கவில்லை. இங்கே ஹாஸ்டலில் இருக்கும் பிளஸ் டூ மாணவிக்கு ஸ்டடி நேரத்தில் மாதவிடாய் வலி வந்தால்? கஷாயம் வைத்துத் தர அம்மா பக்கத்தில் இல்லை. வார்டனிடம் மாத்திரை கேட்கக் கூச்சம்.

லீவும் கிடையாது. 2023-ல் கேரளா வருகைப்பதிவில் சலுகை தந்தது பல்கலைக்கழக மாணவிகளுக்கு. 2025-ல் கர்நாடகா மாதம் ஒருநாள் விடுப்பு அறிவித்தது வேலைக்குப் போகும் பெண்களுக்கு. இரண்டிலும் பள்ளி மாணவி இல்லை. அதனால்தான் யாரையும் கேட்காமல் தானே செய்துகொள்ளும் அக்குபிரஷர் கவனிக்க வேண்டிய விஷயமாகிறது.

எங்கே அழுத்துவது?

உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கு மேலே நான்கு விரல் வைத்தால், முன்னங்கால் எலும்பை ஒட்டிப் பின்னால் வரும் இடம் முதலாவது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை, பாதத்தில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட பள்ளம் மற்ற இரண்டு. விரலால் ஓரிரு நிமிடம், இரண்டு பக்கமும். கர்ப்பிணிகள் செய்யக் கூடாது.

பலன் உண்டா?

ஜெர்மனியின் சாரிட்டே மருத்துவமனை 221 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. ஒரு பிரிவினர் செல்போன் ஆப் பார்த்து இந்த மூன்று இடங்களையும் தாங்களே அழுத்திக்கொண்டனர். மூன்றாவது மாதவிடாயில் வலி பாதியாவது குறைந்தவர்கள் இவர்களில் 37%, அழுத்தாதவர்களில் 25%. ஆறாவது மாதவிடாயில் அது 58%, 24%. ஆக, இன்று அழுத்தி இன்றே வலி போய்விடும் கதையல்ல.

இன்னொன்று, அவர்கள் எல்லோரும் 18 முதல் 34 வயதுக்காரர்கள். தான் அழுத்துகிறோம் என்பது அவர்களுக்கே தெரியும். அந்த நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதற்கு முன், 2016-ல் 42 ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பும் அக்குபங்சர், அக்குபிரஷருக்கு ஆதாரம் போதாது என்றே சொன்னது.

"மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை பிறக்காது"

சிக்கல் இந்தப் பேச்சில்தான். கர்ப்பப்பையில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் தசையை இறுக்குவதால் வலி வருகிறது. ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. மாதத்தில் இரண்டு மூன்று நாள், டாக்டர் சொன்ன அளவில், சாப்பிட்ட பிறகு போடுவதால் குழந்தைப்பேறு பாதிக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அல்சர், ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெஃபனாமிக் ஆசிட் போட்டபின் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பார்க்க வேண்டும். 2023-லேயே இதற்கு எச்சரிக்கை வந்தது. அக்குபிரஷரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அதைக் காட்டி மாத்திரையை மறுப்பது சரியல்ல.

மாத்திரை போட்டும் மாதாமாதம் வகுப்பு போகிறது, மணிக்கொரு நாப்கின் நனைகிறது, மாதவிடாய் இல்லாத நாளிலும் வலிக்கிறது என்றால் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோயாக இருக்கலாம். சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கலாம். முதலில் போனில் கேட்க நினைத்தால், அரசின் 104 எண் இருக்கிறது.