ஒரே சாவி

2011 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் திருடர்கள் புகுந்தார்கள். சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகள். பெயர், முகவரி, பிறந்த தேதி, கடவுச்சொல் என்று எல்லாம். சேவையை நிறுத்திய பிறகும் விஷயத்தைச் சொல்ல அந்த நிறுவனத்துக்கு ஆறு நாள் ஆயிற்று.

"விளையாட்டுதானே தாத்தா" என்கிறான் பேரன். விளையாட்டுக்கும் மின்னஞ்சலுக்கும் பேங்குக்கும் அவனுக்கு ஒரே கடவுச்சொல். (நாங்கள் படித்த பிரெஞ்சில் 'மோ த பாஸ்'.) எங்கள் ஆபீஸ் பீரோக்களுக்கெல்லாம் ஒரே சாவி போட்டிருந்தால் மெமோ வந்திருக்கும்!

திருட்டு நடந்தால் முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைத்தான் மாற்ற வேண்டும் என்பேன். மற்றவற்றை அதன் வழியாகத்தானே மாற்றுகிறோம்? பிறந்த தேதியை மாற்ற முடியாது. அதைச் சரியாகச் சொல்லிக்கொண்டு வரும் போனை நம்பாதீர்கள். பணம் போனால் உடனே 1930.

நேற்று எழுதி வைக்க என் நோட்டில் ஒரு பக்கம் கேட்டான். கிழித்துக் கொடுத்தேன்.