அட்டை வெப்பமானியும் அசல் வெப்பமும்

ஏட்டுக் கல்வி வாழ்க்கைக்குப் பயன்பட வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அது எங்கே தடைப்படுகிறது என்பதை ஒரு துண்டு அட்டை எனக்கு உணர்த்தியது.

‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம் 2021 அக்டோபர் 27இல் நம் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்றது. அதில் தன்னார்வலராகச் சேர்ந்து, திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊரில் மாலை வேளைகளில் கற்பித்தேன். வெப்பநிலைப் பாடத்திற்காகப் பழைய காலண்டர் அட்டையில் 0 முதல் 100 வரை கோடிட்டேன். மேலும் கீழும் கீறி, பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமான நாடாவை நுழைத்து, பின்புறம் முனைகளைத் தைத்தேன். நாடாவை இழுத்தால் சிவப்பு ஏறும், இறங்கும்.

பத்து டிகிரிக்கு ஐந்து பிரிவுகள். 30ஐ அடுத்த கோட்டைப் பிள்ளைகள் 31 என்றனர். ஒரு பிரிவு இரண்டு டிகிரி என்று விளங்கியதும் 32 என்றனர். நான் பெருமிதம் கொண்டேன். அப்போது ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “அக்கா, இதை வெயில்ல வச்சா ஏறுமா?” என்றாள்.

ஏறாது. அதை ஏற்றியது என் விரல்தானே! அளவைப் படிக்கக் கற்பித்தேனேயன்றி, வெப்பத்தைக் கற்பிக்கவில்லை.

மறுநாள் ஆல்கஹால் வெப்பமானி ஒன்றை இரவல் வாங்கிச் சென்றேன். பானைத் தண்ணீரையும் வெயிலில் வைத்த தண்ணீரையும் தொட்டுப் பார்த்து, முதலில் உத்தேசமாகச் சொன்னார்கள். பிறகு கருவியைப் படித்து, அதே அளவிற்கு நாடாவை நகர்த்தினார்கள். “காய்ச்சல் நூறுன்னு அம்மா சொல்றாங்க; நூறுல தண்ணி கொதிக்குமே!” என்றான் ஒருவன். அட்டையின் மறு ஓரத்தில் பாரன்ஹீட் அளவையும் எழுதினோம். 0க்கு நேர் 32, 100க்கு நேர் 212. உடலின் 37 டிகிரி செல்சியஸ் 98.6 பாரன்ஹீட் ஆயிற்று. வீடும் பள்ளியும் ஒரே அட்டையில் சந்தித்தன.

பாதரச வெப்பமானியைச் சிறுவர் கையில் தரலாகாது. கொடைக்கானலில் அதைத் தயாரித்த தொழிற்சாலை, பாதரச மாசு வெளிப்பட்டதால் 2001இல் மூடப்பட்டது. ஆல்கஹால் வெப்பமானியில் அந்த நஞ்சு இல்லை.

எண்ணைத் தானே காட்டும் டிஜிட்டல் கருவி இருக்க, இது எதற்கு என்பர் சிலர். கோட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அளவுகோலும் வரைபடமும் எளிதில் வசப்படும் என்பதே என் பதில்.

நண்பர்களே, கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாதிரிகள் செய்து கொடுங்கள். ஆனால் அசலையும் உடன் கொண்டு செல்லுங்கள். அசலைக் காணாத பிள்ளைக்கு அட்டை வெறும் பொம்மையே.