சான்றிதழ் வேறு, உரிமம் வேறு

பி.யு.சி. தேர்வு முடிவுகள் வந்த கையோடு நம் பகுதிகளில் ஒரு வியாபாரம் சூடு பிடித்துவிடுகிறது. விமானப் படம் போட்ட வண்ண விளம்பரத் தாள்கள் வீடு தேடி வருகின்றன. ஏவியானிக்ஸ் படித்தால் போதும், எச்.ஏ.எல்.லிலும் விமானப்படையிலும் அரசு வேலை காத்திருக்கிறது என்கின்றன அவை. பெங்களூர்த் தமிழர்களுக்கு இந்த ஆசை எழுவது இயல்பே. 1940-ல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு இங்கே தொடங்கிய விமானத் தொழிற்சாலை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. விமானபுரத்தையும் ஜாலஹள்ளியையும் சுற்றி வாழும் நம்மவர்களில் ஒரு பெரியப்பாவோ தாய்மாமனோ அந்த மதில்களுக்குள் வேலை பார்த்திராத குடும்பம் குறைவு.

ஆசைப்படுவதில் பிழை ஏதுமில்லை. ஆனால் நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன் பெற்றோர் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். நம்மில் பலர் மூன்று வெவ்வேறு பொருள்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பயிற்சிப் பள்ளி தரும் சான்றிதழ் ஒன்று. பல்கலைக்கழகமோ தொழில்நுட்பக் கல்வித் துறையோ தரும் பட்டம், பட்டயம் மற்றொன்று. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., தரும் உரிமம் வேறொன்று. வேலை அறிவிப்பில் எது கேட்கப்பட்டிருக்கிறதோ அது கையில் இல்லாவிட்டால், மற்றவை இருந்தும் விண்ணப்பம் முதல் கட்டத்திலேயே தள்ளுபடி ஆகிவிடும்.

ஏவியானிக்ஸ் என்பது விமான மின்னணுவியல். விமானி தரையோடு பேசும் ரேடியோ, வழிகாட்டும் கருவிகள், தானியங்கி ஓட்டுமுறை, வானிலை ரேடார், உயரமானி, இவற்றை எல்லாம் இணைக்கும் மின்கம்பிகளும் கணிப்பொறிகளும் இதில் அடங்கும். முன்பு மின்சாரம், கருவிகள், ரேடியோ என்று உரிமங்கள் தனித்தனியாக இருந்தன. ஐரோப்பிய முறையை ஒட்டி விதிகள் மாறிய பிறகு இவை பி2 என்ற ஒரே பிரிவில் வருகின்றன. எஞ்சின், விமான உடல் ஆகியவற்றைக் கவனிப்பவருக்கு உரியது பி1.

பி2 உரிமம் பெற மின்னியல், மின்னணுவியல், டிஜிட்டல் முறைகள், பராமரிப்பு நடைமுறை, மனிதக் காரணிகள், விமானச் சட்டம் எனப் பல தாள்கள் எழுத வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 100-க்கு 75 எடுத்தால்தான் தேர்ச்சி. அங்கீகாரம் பெற்ற பள்ளியில் அடிப்படைப் பயிற்சி முடித்தவரும், பயன்பாட்டில் இருக்கும் விமானங்களில் 2 ஆண்டு நடைமுறை அனுபவம் காட்ட வேண்டும். அதன் பிறகும், ஏர்பஸ் ஏ320, போயிங் 737 என்று குறிப்பிட்ட விமான வகைக்கான தகுதியைத் தனியாகப் பெற்றால்தான் அந்த விமானம் பறக்கத் தகுந்தது என்று கையெழுத்திடலாம். பள்ளி தரும் சான்றிதழ் இந்த நெடும் பாதையின் முதல் படி மட்டுமே. விளம்பரத் தாள்களில் அதுவே கடைசிப் படி போலக் காட்டப்படுகிறது.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். 2018 அக்டோபர் 29 அன்று இந்தோனேசியாவில் லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் ஜாவாக் கடலில் விழுந்து 189 பேர் மாண்டார்கள். விமானத்தின் வடிவமைப்பில் இருந்த பெருங்குறையே முதன்மைக் காரணமாகப் பேசப்பட்டது. ஆனால் 2019-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. காற்றை விமானம் சந்திக்கும் கோணத்தை அளக்கும் உணரி ஒன்று முந்திய நாள்தான் மாற்றப்பட்டது. பழுது பார்த்து வந்த அந்த உணரி 21 டிகிரி தவறாகக் காட்டியது. பொருத்திய பின் செய்யவேண்டிய சோதனை சரியாக நடந்ததா என்பதை விசாரணையாளர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியும், பதிவேட்டில் ஒரு வரியும் எத்தனை உயிர்களோடு தொடர்புடையவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே உரிமத்தின் கடுமையை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கடுமையை மறைத்துச் சேர்க்கை நடத்துவதைத்தான் குறை சொல்கிறேன்.

இனி அரசு வேலைக்கு வருவோம். எச்.ஏ.எல். பெரும்பாலும் இராணுவ விமானங்களைச் செய்யும், பழுது பார்க்கும் நிறுவனம். இராணுவ விமானங்களின் பறக்கும் தகுதியை டி.ஜி.சி.ஏ. பார்ப்பதில்லை. அதற்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் செமிலாக், டி.ஜி.ஏ.க்யூ.ஏ. என்ற அமைப்புகள் உண்டு. எனவே எச்.ஏ.எல். தன் தொழில்நுட்பப் பணியிடங்களுக்குப் பெரும்பாலும் கேட்பது மின்னணுவியல் பொறியியல் பட்டம், மூன்றாண்டுப் பட்டயம் அல்லது ஐ.டி.ஐ. தேர்ச்சி. ஏ.எம்.இ. பள்ளிச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த வாயிலில் நின்றால் பல அறிவிப்புகளில் இடம் இருக்காது.

விமானப்படையின் கதை வேறு. 2022 முதல் நடைமுறையில் உள்ள அக்னிபத் திட்டத்தின்படி, அக்னிவீர் வாயுவாகச் சேரக் கணிதம், இயற்பியல், ஆங்கிலம் கொண்ட பன்னிரண்டாம் வகுப்பு, அல்லது மின்னணுவியல் போன்ற பாடங்களில் பட்டயம் போதும். ஆனால் பணிக்காலம் 4 ஆண்டுகள். அதன் பின் நிலையாக எடுத்துக்கொள்ளப்படுபவர் நூற்றுக்கு 25-க்கு மேல் இல்லை. தொழில்நுட்ப அதிகாரியாக வேண்டுமானால் பொறியியல் பட்டத்தில் 60 சதவீத மதிப்பெண்ணோடு ஏ.எஃப்.கேட். தேர்வு எழுத வேண்டும். அவர்களுக்கான பயிற்சிக் கல்லூரி நம் ஜாலஹள்ளியிலேயே இருக்கிறது.

டி.ஜி.சி.ஏ. வழியிலான பயிற்சியும் பி2 உரிமமும் நேரடியாக மதிப்புப் பெறுவது சிவில் விமானங்களைப் பராமரிக்கும் இடங்களில்தான். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்துக்குக் கைமாறியபோது, அதன் பராமரிப்புப் பிரிவான ஏ.ஐ.இ.எஸ்.எல். விற்பனையில் சேர்க்கப்படாமல் அரசிடமே நிறுத்தப்பட்டது. அந்நிறுவனம் வெளியிட்ட அறிவிப்புகளில் இந்தப் பயிற்சிக்கு இடம் இருந்தது. ஆனால் அவையும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான ஒப்பந்தப் பணிகளே. அப்பா காலத்து அரசு வேலை, ஓய்வூதியம் என்ற கணக்கில் இன்றைய அறிவிப்பைப் படிக்கக்கூடாது. பணியின் கால அளவு என்ன என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மதிப்பெண் இருந்தும் சாதிச் சான்றிதழில் தடுக்கி விழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மத்திய அரசுப் பணிகளில் இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு மத்தியப் பட்டியலைப் பொறுத்தது. மாநிலப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. மத்திய அரசு வகுத்த படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்ற குறிப்போடு சான்றிதழ் இருக்க வேண்டும். பட்டியல் இனத்தவர் வேறு மாநிலத்தில் குடியேறியிருந்தால், தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழை ஆதாரமாகக் காட்டி இங்குள்ள அதிகாரியிடமே சான்றிதழ் பெற வழி இருக்கிறது. மத்திய அரசு வேலைக்கு அது செல்லும். கர்நாடக அரசின் இடஒதுக்கீட்டுக்கு அது பொதுவாகச் செல்லாது. அறிவிப்பு வந்த பிறகு சேலத்துக்கும் தருமபுரிக்கும் பேருந்து ஏறினால் கடைசித் தேதி கடந்துவிடும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே இந்தக் காகிதங்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

ஆகவே என்ன செய்யலாம்? பி.யு.சி.யில் இயற்பியலும் கணிதமும் இருக்கட்டும். மின்னணுவியல் சேர்ந்த பி.சி.எம்.இ. பிரிவு கிடைத்தால் மிக நன்று. பணம் கட்டும் முன் பிள்ளைக்கு நிறக்குருடு இருக்கிறதா என்று கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வண்ணம் பார்த்துக் கம்பி பிரிக்கும் தொழிலில் அது தடையாக நிற்கும். பயிற்சிப் பள்ளிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இன்று நடப்பில் உள்ளதா, அது பி2 பிரிவுக்கும் உண்டா என்று இயக்குநரகத்தின் பட்டியலிலேயே பாருங்கள். பி1-க்கு மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு ஏவியானிக்ஸ் என்று பேசுபவரிடம் ஏமாற வேண்டாம். 2 ஆண்டு நடைமுறை அனுபவம் எந்த நிறுவனத்தில் கிடைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் பதிலானால் எழுந்து வந்துவிடுங்கள்.

வசதி குறைந்த வீட்டுக்கு என் யோசனை இதுதான். அரசு பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பட்டயம் முதலில் படிக்கட்டும். செலவு குறைவு. எச்.ஏ.எல்., விமானப்படை ஆகிய இரண்டு வாயில்களிலும் விண்ணப்பிக்க அது உதவும். வேறு தொழிற்சாலையிலும் சோறு போடும். உரிமத்தின் மேல் நாட்டம் குறையாதிருந்தால் அதன் பின்னும் அந்தப் பாதைக்குப் போகலாம். ஏ.எம்.இ. பயிற்சியை மட்டுமே நம்பி இறங்கியவருக்கு, உரிமம் கைக்கு வராமல் போனால் திரும்பி வர வழி குறுகல்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. கடுமையான தாள்களில் தேறி, விமானத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் நின்று பி2 உரிமம் பெற்ற ஒருவரை, பட்டயம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அரசு நிறுவனம் தள்ளுவது பொருத்தமன்று. இராணுவ விமானம் வேறு, பயணிகள் விமானம் வேறு என்ற வாதம் புரிகிறது. ஆனால் மின்னோட்டத்துக்கும் ரேடியோ அலைக்கும் அந்த வேறுபாடு தெரியாது. ஏவியானிக்ஸ் பணியிடங்களில் பட்டயத்துக்கு மாற்றாக இந்த உரிமத்தையும் ஏற்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால், தகுதியுள்ள பல இளைஞர்களுக்கு வழி திறக்கும்.

அதுவரை நம் சங்கம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடும் அரங்கில், ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம்மவர்களை உட்கார வைத்து, பிள்ளைகளும் பெற்றோரும் கேள்வி கேட்க வழி செய்யலாம். அறிவிப்பை வரி வரியாகப் படித்துக் காட்ட ஒரு பெரியவர் இருந்தால், ஒரு வீட்டின் நகை மிஞ்சும், ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டுகள் மிஞ்சும். இதைப் படிக்கும் எச்.ஏ.எல். அன்பர்களும் விமானப்படை அன்பர்களும் தங்கள் பெயரைச் சங்கச் செயலரிடம் கொடுத்தால், வரும் தேர்வு முடிவுகளுக்கு முன்பே முதல் கூட்டத்தை நடத்திவிடலாம்.