முதன்மை வேலையளிப்பவரை விட்டுவிடாதீர்கள்

2024 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரி மரப்பாலம் வசந்தம் நகரில் வாய்க்கால் வேலை நடந்துகொண்டிருந்தபோது, பக்கத்துத் துணை மின்நிலையத்தின் மதில்சுவர் சரிந்து ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அரியலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பொதுவாகவே கட்டுமான வேலையில் ஓர் உயிர் போனால், மேஸ்திரி ஒப்பந்ததாரரைக் காட்டுவார். ஒப்பந்ததாரர் வேலை கொடுத்த துறையைக் காட்டுவார். துறை மறுபடி ஒப்பந்ததாரரையே காட்டும். இழப்பீட்டு மனு எழுதும் வழக்கறிஞர்களும் சங்கத் தோழர்களும் கீழேயிருந்து ஏறாமல், மேலேயிருந்து தொடங்க வேண்டும்.

1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒப்பந்ததாரரின் ஆள் அடிபட்டாலும், தன் தொழிலுக்காக வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை வேலையளிப்பவர்தான் இழப்பீடு கொடுக்க வேண்டும். பிறகு அவர் ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். "அரசுத் துறை வியாபாரமா செய்கிறது?" என்று எதிர்த்தரப்பு கேட்டால் அதே சட்டத்தின் 2(2)-ஐக் காட்டுங்கள். அரசுத் துறையும் உள்ளாட்சியும் தம் கடமையைச் செய்வதே தொழிலாகக் கருதப்படும் என்று அங்கே எழுதியிருக்கிறது. மனுக்களில் இந்த உட்பிரிவு அரிதாகவே மேற்கோள் காட்டப்படுவது வருத்தம் தருகிறது.

பிணவறை வாசலிலேயே கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, வெள்ளைத் தாளில் மனைவியின் கைநாட்டு வாங்கிவிடுவது இன்னும் நடக்கிறது. அந்தத் தாள் செல்லாது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு. அரசு தரும் நிவாரணமும் இழப்பீடு ஆகாது.

அடுத்தது கூலி. கணக்கில் கொள்ளும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். நாற்பது வயதுக் கொத்தனார் இறந்தால், அதில் பாதியை அந்த வயதுக்குரிய காரணியான 184.17-ஆல் பெருக்க 13,81,275 ரூபாய் வரும். ஒப்பந்ததாரர் நோட்டில் மாதம் 8,000 என்று எழுதியிருந்து நாமும் அதை ஒப்புக்கொண்டால் 7,36,680 ரூபாய்தான். ஆகவே, உடன் வேலை செய்தவர்கள் ஊர் திரும்புமுன் அவர்கள் வாக்குமூலத்தை வாங்கிவிடுங்கள். தளம் இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டதா என்பதையும் அன்றே பாருங்கள். உட்பட்டதென்றால் இழப்பீட்டு மனு நிற்காது, சார்ந்தோர் உதவித்தொகைதான் வழி.

காப்பீட்டுத் துறை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலிசி இருந்தால் அசலோடு வட்டியும் நிறுவனத்தின் பொறுப்பு, அபராதம் மட்டும் வேலையளிப்பவருடையது என்று மோட்டார் வாகன வழக்கொன்றில், வேத் பிரகாஷ் கார்க் தீர்ப்பில், 1997-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்து நடந்து ஒரு மாதம் கடந்தால் 12 விழுக்காடு வட்டி ஓடத் தொடங்கும். இழுத்தடிப்பதால் யாருக்கும் இலாபமில்லை.

2025 நவம்பர் 21 முதல் இந்த 1923 சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய விபத்துகளின் உரிமையைப் பழைய சட்டப்படியே கோர வேண்டும்.

சார்ந்தோர் தாங்கள் குடியிருக்கும் ஊரின் ஆணையரிடமே மனுப் போடலாம். அரியலூர்க்காரப் பெண் புதுச்சேரிக்குப் பேருந்துக் காசு தேட வேண்டியதில்லை. கெடு இரண்டு ஆண்டு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே, காலம் கடந்துவிட்டது என்று சொல்லி எந்தக் குடும்பத்தையும் திருப்பி அனுப்பாதீர்கள்.