எட்டுப் பெயரடை வரிசையில் இங்கிலீஷ் இல்லை

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பானாலும் வங்கித் தேர்வுப் பயிற்சி மையமானாலும் இன்று வேதவாக்காக ஓதப்படும் ஒரு சொல், 'ஓசாஸ்காம்ப்'. கருத்து, அளவு, வயது, வடிவம், நிறம், பூர்விகம், செய்பொருள், பயன்பாடு என்ற வரிசையில்தான் பெயரடைகள் வர வேண்டும் என்பதற்கான மனப்பாடக் குறிப்பு அது. இதை உருப்போட்டு, தினம் பத்து வொகாபுலரியும் எழுதிப் பார்த்தால் பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்துவிடும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். கடன் வாங்கிப் பணமும் கட்டுகிறார்கள். இந்த நம்பிக்கை பிள்ளைகளின் நேரத்தைத் தின்கிறது. வாய் திறக்கும் தைரியத்தையும் சேர்த்தே தின்கிறது.

வரிசை என்று ஒன்று இல்லாமல் இல்லை. 'ரெட் பிக் பேக்' என்றால் ஆங்கிலேயர் காதில் உறுத்தத்தான் செய்யும். ஆனால் அவர்கள் யாரும் அட்டவணை படித்து அதைக் கற்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் ஏழு வயது வாக்கில் ஒரு டிராகன் கதை எழுதினார். 'கிரீன் கிரேட் டிராகன்' என்று சொல்லக் கூடாது, 'கிரேட் கிரீன் டிராகன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அவருடைய அம்மா திருத்தினார். ஏன் அப்படி என்று இன்றுவரை புரியவில்லை என 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலப் பேராசிரியர்! அந்த வரிசையிலும் ஓட்டை உண்டு. சிறுவர் கதைகளில் வரும் 'பிக் பேட் வுல்ஃப்' அளவை முன்னால் வைத்து, கருத்தைப் பின்னால் தள்ளுகிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வரிசை அந்நியமும் அல்ல. 'நல்ல பெரிய கறுப்பு மாடு' என்றுதான் நாமும் சொல்கிறோம். 'கறுப்புப் பெரிய நல்ல மாடு' என்று சந்தையில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. பிள்ளை தன் மொழியிலேயே பெருமளவு வைத்திருப்பதைப் புதிய சரக்காகக் காட்டி விற்கிறார்கள்.

பொருளை விவரிக்கும் வேலை நிஜத்தில் எப்படி நடக்கிறது? விமான நிலையத்தில் பெட்டி தொலைந்தால், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் படஅட்டையை முன்னால் வைக்கிறார்கள். நிறத்துக்கு இரண்டு எழுத்து, பெட்டி வகைக்கு ஓர் எண், சக்கரம், பூட்டு போன்றவற்றுக்குத் தனி எழுத்து. அதற்கு மேல் 'ஒரு சக்கரம் உடைந்திருக்கும், கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டியிருக்கும்' என்று சொல்லத் தெரிந்தால் பெட்டி கிடைக்க வழி உண்டு. எட்டுப் பெயரடையை அடுக்குவதால் அங்கே எந்தப் பயனும் இல்லை.

இன்டர்வியூவில் நடப்பது இன்னும் கொடுமை. படித்த கோர்ஸைப் பற்றிச் சொல்லச் சொன்னால், 'வெரி குட், யூஸ்ஃபுல், இன்ட்ரஸ்டிங் டெக்னிக்கல் கோர்ஸ்' என்று அடுக்கிவிட்டு நின்றுவிடுகிறார்கள் பாலிடெக்னிக் பிள்ளைகள். லேத்தில் த்ரெட் வெட்டிய கை அது. மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கட்டிய கை. 'ஐ ரிப்பேர்டு எ மோட்டார்' என்ற மூன்றாம் வகுப்பு வாக்கியம் போதும், வேலை தருபவர் நிமிர்ந்து உட்காருவார். அதைச் சொல்ல அவர்களை யாரும் பழக்கவில்லை.

சொற்களின் கதையும் இதுதான். டாக்காவில் ஆசிரியப் பயிற்சியில் நெடுங்காலம் இருந்த மைக்கேல் வெஸ்ட், அன்றாடம் அதிகம் புழங்கும் ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொகுத்து 1953இல் வெளியிட்டார். முதலில் அத்தகைய சொற்கள் நாவில் புரள வேண்டும். 'லீக் ஆகிறது', 'வளைந்திருக்கிறது', 'கிழிந்துவிட்டது' என்பதை இங்கிலீஷில் சொல்லத் திணறும் பிள்ளைக்கு 'க்விக்ஸாட்டிக்' போன்ற அரிய சொல் எதற்கு?

பெற்றோரே, வகுப்பில் சேர்க்கும் முன் எத்தனை சொல் கற்றுத் தருவீர்கள் என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் என் பிள்ளை எத்தனை நிமிடம் பேசும், அதை யார் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தோடு வீடு திரும்புங்கள்.